ஆங்கிலத் தீர்ப்புகளை வேகமாகப் படிக்க வேக வாசிப்பு வகுப்பில் சேரலாமா?

இரண்டாம் வருட ஜூனியர், மதுரை

வணக்கம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். சாயங்காலம் சேம்பரில் வழக்குக் கட்டைக் கையில் கொடுத்து, "எதிர்த்தரப்பு நம்பியிருக்கிற தீர்ப்பு உள்ளே இருக்கிறது, படித்துவிட்டு வா, காலையில் கேட்கிறேன்" என்பார் சீனியர். அறுபது பக்கம் இருக்கும். இரவுச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் முடிக்கும்போது பால்காரர் வந்துவிடுகிறார். காலையில் "ரேஷியோ என்ன?", அதாவது தீர்ப்பு எந்தச் சட்டக் காரணத்தின்மேல் நிற்கிறது, என்று கேட்டால் என் வாயில் வருவது கட்சிக்காரர்களின் பெயர் மட்டும்தான். ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடுகிறது. அதன் கடைசிக்குப் போகும்போது தொடக்கம் மறந்துபோகிறது. மறுபடியும் மேலே போக வேண்டியிருக்கிறது. மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தேன். பக்கம் முழுவதும் மஞ்சளானதுதான் மிச்சம்.

இங்கே ஒரு வேக வாசிப்பு வகுப்பு நடக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரம் சொற்கள் படிக்க வைக்கிறேன் என்கிறார்கள். படிக்கும்போது மனதுக்குள் ஒலிக்கும் குரலை நிறுத்த வேண்டுமாம். விரலைப் பக்கத்தின் நடுவே ஓட்டிக்கொண்டே போனால் ஒரு பத்தியை ஒரே பார்வையில் எடுத்துவிடலாமாம். திரும்பிப் பார்க்கவே கூடாதாம். கட்டணம் என் ஒரு மாத ஸ்டைபெண்டைவிட அதிகம். சேர்ந்தவர்கள், அல்லது வேறு வழி தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கைபேசி வாசகன், கோவை

சொற்களை ஒவ்வொன்றாகத் திரையின் நடுவில் காட்டி மறைக்கும் செயலிகள் இருக்கின்றன. இலவசமாகவே கிடைக்கின்றன, கட்டணம் கொடுப்பதற்கு முன் அதில் முயன்று பாருங்கள். கிரிக்கெட் செய்தி படிக்க நன்றாக இருந்தது. வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் படிக்க முயன்றபோது எந்தச் சொல் எதனோடு சேர்கிறது என்றே தெரியவில்லை. திரும்பிப் பார்க்க அதில் வழி கிடையாது, போனது போனதுதான்.

தாமிரபரணிக் கரை வக்கீல், திருநெல்வேலி

தம்பி, அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மேஜை விளக்கு வாங்கிக்கொள். வகுப்பு வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். கண் வரியின்மீது வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவி நிற்கிறது. லூயி எமில் ஜாவல் என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர் 1870களில் இதைப் பற்றி எழுதத் தொடங்கினார்; அதன் பிறகு கருவி வைத்துத் துல்லியமாக அளந்துவிட்டார்கள். ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழக் கால் விநாடி. ஆங்கிலம் படிக்கும்போது, நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் 3, 4 எழுத்துகள், வலப்பக்கம் 14, 15 எழுத்துகள் மட்டுமே பயன்படும். அதற்கு அப்பால் இருப்பது வாசிப்புக்கு உதவுவதில்லை. பத்தியை ஒரே பார்வையில் விழுங்குவதற்குக் கண்ணில் இடமே இல்லை. விரலை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் விரல்தான் ஓடும்.

இந்த வேக வாசிப்புத் தொழிலைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தவர் எவலின் வுட் என்ற அமெரிக்க ஆசிரியை, 1959இல். கார்ட்டர் அதிபராக இருந்தபோதே அதைக் கற்றுக்கொண்டார் என்பதால் பெரிய பெயர். ஆனால் வாசிப்பை ஆராய்ந்த உளவியலாளர் கீத் ரேனரும் அவருடைய சகாக்களும் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கட்டுரையில் சொன்னது வேறு: வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறைகிறது, இரண்டையும் சேர்த்துத் தரும் குறுக்குவழி கிடையாது. மனக்குரலை அடக்கினால் கடினமான உரை புரியாமல் போகிறது என்பதும் அதில் இருக்கிறது. திரும்பிப் பார்ப்பதற்கு நீ ஏன் வெட்கப்படுகிறாய்? நன்றாகப் படிப்பவர்களின் கண்ணும் பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னால் போகத்தான் செய்கிறது.

இன்னொரு கணக்கு. அகல இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்த தீர்ப்பில் பக்கத்துக்குச் சுமார் 300 சொற்கள் என்று வை. அறுபது பக்கம் 18,000 சொற்கள். வளர்ந்தவர்கள் ஆங்கிலத்தில் கதையல்லாத உரையை மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று மார்க் பிரைஸ்பார்ட் 2019இல் பல ஆய்வுகளைக் கூட்டிக் கணக்கிட்டார். அந்த வேகத்தில் ஒன்றேகால் மணி நேரம் போதும். சட்ட மொழி, தமிழ் வழி என்று எல்லாவற்றுக்கும் தள்ளுபடி கொடுத்து இரட்டிப்பாக்கினாலும் நடுநிசிக்குள் முடிந்துவிட வேண்டும். உனக்கு விடிகிறது என்றால் தடை கண்ணில் இல்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் முதல் பக்கத்திலிருந்து நடக்கிறாய்.

தீர்ப்பை நாவல் போல யாரும் படிப்பதில்லை. உச்ச நீதிமன்றத்தின் கேசவானந்த பாரதி வழக்கை எடுத்துக்கொள். 1973 ஏப்ரல் 24, 13 நீதிபதிகள், 7க்கு 6 என்ற பெரும்பான்மை, தனித்தனியாக 11 தீர்ப்புரைகள். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கிய வக்கீல்களில் எத்தனை பேர் கடைசிப் பக்கத்தைக் கண்டார்கள் என்று நான் கேட்பதில்லை, நட்பு கெடும். 9 நீதிபதிகள் கையெழுத்திட்ட ஒரு சுருக்க முடிவுரை அதில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும்.

நீ கேட்கும் வழக்குகளுக்கு வருகிறேன். தீர்ப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டமே சொல்லிவைத்திருக்கிறது. கட்டளை 20 விதி 4ஐ எடுத்துப் பார்: வழக்கின் சுருக்கம், தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைகள், முடிவு, அதற்கான காரணம். மேல்முறையீட்டுக்குக் கட்டளை 41 விதி 31, அதில் கொடுக்கும் பரிகாரமும் சேரும். இந்தச் சட்டகத்தை மனதில் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திறந்தால், இப்போது நாம் எந்த அறையில் நிற்கிறோம் என்பது தெரிந்துகொண்டே இருக்கும்.

நான் படிக்கும் வரிசை இது. முதல் பக்கத்தில் எத்தனை நீதிபதிகள், எந்தத் தேதி. அதை விட்டுவிட்டு உள்ளே போகாதே. மூவர் அமர்வு பின்னால் மாற்றிவிட்ட இருவர் அமர்வுத் தீர்ப்பை இரவெல்லாம் மனப்பாடம் செய்து பயனில்லை. அடுத்து நேராகக் கடைசிப் பக்கம்: மேல்முறையீடு அனுமதியா, தள்ளுபடியா, திருப்பி அனுப்பினார்களா. யார் வென்றார் என்று தெரிந்தபின் நடுவே வரும் ஒவ்வொரு பத்தியும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தானாகத் தெரியும். அதன் பிறகு பிரச்சினைகள் எழுதிய பத்தி. இரண்டாம் மேல்முறையீடாக இருந்தால் வேலை இன்னும் எளிது. பிரிவு 100இன்படி சட்டம் சார்ந்த முக்கியக் கேள்வி இல்லாமல் அது நிற்காது, அந்தக் கேள்வியை எழுதியே வைத்திருப்பார்கள். அதைத் தாளில் உன் கையால் எழுது. பிறகு, அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் தன் சொந்தக் குரலில் பதில் சொல்லும் பத்திகளை மட்டும் தேடு. "வாதியின் வழக்கறிஞர் வாதிட்டார்" என்று தொடங்கும் பத்தி நீதிமன்றத்தின் குரல் அல்ல. வாதத்தையே தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு வந்து நிற்கும் ஜூனியர்களைத்தான் சீனியர்கள் அதிகம் திட்டுகிறார்கள். உள்ளே தள்ளி, சிறிய எழுத்தில் வரும் மேற்கோள்கள் கல்யாணப் பத்திரிகையில் உள்ள உறவினர் பட்டியல் போன்றவை. முகூர்த்தம் எப்போது என்று தெரிந்துகொண்டபின் பார்க்கலாம். அறுபது பக்கத்தில் இருபது பக்கம் இப்படியே கழிந்துவிடும்.

எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்பை எதற்காகக் காட்டுகிறது என்பதை வழக்குக் கட்டிலேயே முதலில் பார்த்துவிடு. ஒரே ஒரு பத்திக்காகக் காட்டியிருப்பார்கள். அந்தப் பத்திக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களை நின்று நிதானமாகப் படி. பெரும்பாலும் அங்கேதான் அவர்கள் சொல்லாமல் விட்டது இருக்கும்.

தீர்ப்பின் தலைப்பில் வரும் சுருக்கக் குறிப்பான ஹெட்நோட்டைப் படி. ஆனால் அதை நம்பி நீதிமன்றத்தில் வாய் திறக்காதே. அது தீர்ப்பை வெளியிடும் சட்ட இதழின் பதிப்பாசிரியர் எழுதியது, தீர்ப்பின் பகுதி அல்ல.

கடைசியாக மஞ்சள் பேனா. அதைத் தூர வை. படித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, யார், யார்மீது, என்ன கேட்டார், நீதிமன்றம் என்ன சொன்னது, எந்தப் பிரிவு, எந்தப் பத்தி எண் என்று கால் தாளில் தமிழிலேயே எழுது. வராத இடத்தை மட்டும் திறந்து பார். மறுபடி மறுபடி படித்தவர்களையும், மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் ஒப்பிட்டார்கள். படித்த ஐந்தாவது நிமிடத்தில் சோதித்தபோது மறுவாசிப்புக்காரர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் நினைவு நின்றது. எங்கள் அலுவலகத்தில் குமாஸ்தாவிடம் தமிழில் சொல்லச் சொல்வேன். அவர் "அப்படியென்றால் நம் கட்சிக்காரருக்கு இது எந்த வகையில் ஆகாது?" என்று ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் இருந்தால் ஜூனியர் தீர்ப்பைப் படித்திருக்கிறார்.

செஷன்ஸ் பக்கம், திருச்சி

அண்ணாச்சி சொன்னது சிவில் பக்கத்துக்கு மிகச் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு அந்தத் தம்பி குற்றவியல் கட்டையும் பின்னாலிருந்து புரட்டத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தீர்ப்பைத் தாவிப் படிக்கலாம், சாட்சியத்தைத் தாவிப் படிக்கக் கூடாது. அ.சா.1இன் (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, அவர் போலீஸாரிடம் கொடுத்த வாக்குமூலம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்க வேண்டும். வாக்குமூலத்தில் இல்லாத அரிவாள் கூண்டில் வந்திருக்கும். முதல் தகவல் அறிக்கையில் பதிவு நேரம் ஒன்று இருக்கும், நீதித்துறை நடுவர் அதைப் பெற்றுக்கொண்ட நேரம் அவர் கையெழுத்துக்குக் கீழே இன்னொன்று இருக்கும். இடையே பல மணி நேரம் ஓடியிருந்து, அதற்கு விளக்கமும் இல்லை என்றால் வழக்கே அங்கே திரும்பலாம். வேகமாகப் படிப்பவர் கண்ணில் அந்தக் கையெழுத்துக்குக் கீழே உள்ள எண் படாது. நான் அடிக்கோல் வைத்துத்தான் படிக்கிறேன், யார் சிரித்தாலும் சரி.

காலவரிசையை ஒரு தனித் தாளில் எழுதுங்கள், தம்பி. மணி, இடம், யார் சொன்னது, எந்த ஆவணம். இது உங்கள் வாசிப்பை மெதுவாக்கும். ஆனால் அடுத்த முறை கட்டு முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை, அந்தத் தாள் போதும்.

தாமிரபரணிக் கரை வக்கீல், திருநெல்வேலி

தங்கச்சி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சிவிலிலும் ஆவணம் என்றால் அதே கதைதான். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பட்டியலில் நான்கெல்லையைத் தாவிப் படித்தவன் கெட்டான்.

இரண்டாம் வருட ஜூனியர், மதுரை

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. வகுப்புக்குப் போகவில்லை. நேற்றுக் கொடுத்த தீர்ப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். கேள்வியை எழுதிக்கொண்டபின் படித்தபோது வாதப் பத்திகள் எங்கே முடிகின்றன என்பது கண்ணுக்குத் தெரிந்தது. சீனியர் கேட்டபோது ரேஷியோவைச் சொன்னேன், பத்தி எண்ணை மட்டும் தவறாகச் சொன்னேன், முறைத்தார், திட்டவில்லை. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். "சப்ஜெக்ட் டு" (இதற்கு உட்பட்டு), "நாட்வித்ஸ்டாண்டிங்" (இது எப்படி இருந்தாலும்) என்று தொடங்கும் வாக்கியங்களில்தான் இன்னமும் மாட்டிக்கொள்கிறேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழில் கிடைக்கின்றனவே, அவற்றையே படித்துக்கொள்ளலாமா?

தாமிரபரணிக் கரை வக்கீல், திருநெல்வேலி

படிக்கலாம், நல்ல வழி. ஆனால் ஆங்கில மூலம்தான் செல்லும் என்று அந்த மொழிபெயர்ப்புகளிலேயே எழுதியிருப்பார்கள், அதை மறக்காதே. தமிழில் ஒரு முறை வேகமாகப் படித்துக் கதையைப் பிடித்துக்கொள். பிறகு அதே தீர்ப்பின் ஆங்கிலத்தை எடு. என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிவதால் வாக்கியத்தின் எலும்பு மட்டும் கண்ணுக்குப் படும்.

நீ சொன்ன அந்த வாக்கியங்களை உடைக்க ஒரு வழி. வினைச்சொல்லை முதலில் தேடு, பென்சிலால் வட்டமிடு. யார் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே இருக்கும். மற்றதெல்லாம் எப்போது, எது தவிர, எதையும் மீறி என்ற நிபந்தனைகள். அவற்றை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு வாக்கியத்தை ஒரு முறை வாய்விட்டுப் படி. பிறகு ஒவ்வொரு அடைப்பாகத் திற.

அறுபது பக்கத்தில் இதைப் பழகாதே. உன் சீனியர் நடத்தி முடித்த இரண்டாம் மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஏழு எட்டுப் பக்கத்தில் அலமாரியில் கிடக்கும். கட்சிக்காரரை நீயே பார்த்திருப்பாய், கதை தெரியும். அதில் தொடங்கு.