மௌனி கதையின் முதல் அச்சு தேவை

சிறுகதை எழுத்தாளர் மௌனியின் ‘அழியாச்சுடர்’ கதை மணிக்கொடி என்ற பழைய இலக்கிய இதழில் வந்த பக்கங்களைத் தேடுகிறேன். புத்தகத்தில் உள்ள வடிவத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒரு காற்புள்ளி நகர்ந்தாலே அவர் வாக்கியத்தின் பொருள் மாறிவிடும். மொத்தமே 24 கதைதான் எழுதினார். 1936ல் மணிக்கொடியில் எழுதத் தொடங்கி, பிற்காலத்தில் சிதம்பரத்தில் ஒதுங்கியே வாழ்ந்து 1985ல் மறைந்தவர். அதனால் கேட்டறிய ஆளும் அதிகம் இல்லை.

சென்னையில் ஒரு நூலகத்தில் நகல் கிடைத்தது. ஆனால் கோயில் தூணின் யாளி வரும் பக்கத்தில் கீழ் வரிகள் பூச்சி அரித்துப் போயிருக்கின்றன. இணையத்தில் உள்ள ஸ்கேன்களில் அந்த இதழே இல்லை. பழைய புத்தகக் கடைகளிலும் விசாரித்துவிட்டேன். அப்புறம் தெரிந்த சேகரிப்பாளர்களிடமும் கேட்டாயிற்று.

அந்த இதழ் முழுதாக யாரிடம் இருக்கிறது?