இசபெல்லா பேர்டின் சீனப் படங்கள்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்காக, ஆங்கிலேயப் பயணி இசபெல்லா பேர்டைப் பற்றி ஒரு மாலை பேசப் போகிறேன்.

1896-ல் யாங்சி ஆற்றில் படகேறியபோது அவருக்கு வயது 64. கேமரா பிடிக்கக் கற்றதே அறுபதை ஒட்டித்தான்! இருட்டிய பிறகு படகையே இருட்டறையாக்கி நெகட்டிவ்களைக் கழுவியிருக்கிறார். அலசக் கிடைத்ததோ வண்டல் கலந்த ஆற்றுத் தண்ணீர். சில படங்களில் சேறு மெல்லிய திரையாகப் படிந்துவிட்டதாம். அதைப் படித்த நாளிலிருந்து அந்தப் படங்களை விட்டு மனம் நகரவில்லை.

என்னிடம் உள்ள ஸ்கேன் பிரதியில் படங்கள் எல்லாம் கறுப்புத் திட்டுகளாகத் தெரிகின்றன. 1900-ல் வந்த அவருடைய ‘சைனீஸ் பிக்சர்ஸ்’ நூலின் தெளிவான பிரதி யாரிடமாவது இருக்கிறதா?

இன்னொன்று: ஊர்ப்பெயர்கள். அவர் எழுதும் பாவ்னிங் ஃபூ இன்றைய லாங்ஜோங் என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. சீன மொழி தெரிந்தவர்கள் மற்ற பெயர்களையும் பார்த்துச் சொல்ல முடியுமா? பட்டியலை அனுப்புகிறேன். உச்சரிப்பையும் தமிழில் எழுதித் தந்தால் பெரிய உதவி.