பல்சா கிளைடரின்ர இறகு ஸ்பார் முறிஞ்சிட்டுது, சுப்பர் குளூ காணுமோ?

என்ர கிளைடர் (பல்சா எண்ட மெல்லிய மரத்தில செய்த, எஞ்சின் இல்லாத மாதிரி விமானம்) முற்றவெளியில சோளகக் காற்றுக்குள்ள மூக்குக் குத்தி விழுந்தது. 1.5 மீற்றர் இறகு. இடப்பக்கம் 6 மி.மீ. ஸ்பார் (இறகின்ர நீளத்துக்கு ஓடுற சட்டம்) முறிஞ்சு, இரண்டு ரிப் (இறகுக்கு வடிவம் குடுக்கிற குறுக்குத் துண்டு) நொறுங்கிப்போச்சு. முனைகளைச் சேர்த்து சுப்பர் குளூ விட்டால் காணுமோ?

மறுமொழி 1
காணாது. முனைக்கு முனை ஒட்டினால் நார்த்துளைகள் பசையை உறிஞ்சிப்போடும், மூட்டில ஒண்டும் மிஞ்சாது. சுப்பர் குளூ காய்ஞ்சால் கண்ணாடி மாதிரி, அதிர்ச்சி தாங்காது. ஸ்பாரில முறிஞ்ச துண்டை வெட்டி எடுத்துப்போட்டு, அதே பாரமான பல்சாவில புதுத்துண்டு வையுங்கோ. இரண்டு பக்கமும் சரிவு வெட்டு, சரிவின் நீளம் தடிப்பின் 10 மடங்கு: 6 மி.மீ.க்கு 60 மி.மீ. வெள்ளை மரப்பசை மெல்லிசாப் பூசி, கீழ பொலித்தீன் விரிச்சு, சமபலகையில குண்டூசி குத்தி ஒரு இரவு விடுங்கோ. மாரியெண்டால் இரண்டு நாள். அவசரப்பட்டுக் கழட்டினால் இறகு முறுகும். முறுகின இறகுக்கு மருந்தில்லை.

மறுமொழி 2
ரிப்பை வலது இறகில அதே இடத்து ரிப்பைப் பார்த்து வெட்டுங்கோ. நுனிக்கு ஒடுங்கிற இறகெண்டால் பக்கத்து ரிப் அளவு சரிவராது.

மறுமொழி 3
வாலடியையும் மெதுவா வளைச்சுப் பாருங்கோ. மூக்குக் குத்தினால் அங்கயும் மயிரிழை வெடிப்பு வரும், உறைக்குள்ள தெரியாது. அங்க பசையைக் கொட்டாதேங்கோ: வாலில கூடுற 1 கிராமுக்கு, சமநிலை பிடிக்க மூக்கில 2, 3 கிராம் ஈயம் வேணும். முடிய, பழைய சமநிலைப் புள்ளியில விரலில தூக்கிப் பாருங்கோ.