ஓசுவின் கடைசிப் படம்: ப்ளூ-ரேயில் மஞ்சள் தூக்கலா?

ரீல்பெட்டி
நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசுவின் கடைசிப் படம் ‘சன்மா நோ அஜி’ (1962). ஆங்கிலத்தில் ‘ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்’ என்றால் பலருக்குத் தெரியும். என்னிடம் 2008இல் வந்த அமெரிக்க டிவிடி உண்டு. போன வாரம் 2015 ப்ளூ-ரே கைக்கு வந்தது. படத்தைத் தயாரித்த ஷோசிகு நிறுவனம் 2013இல் 4கே-யில் செய்த ரெஸ்டோரேஷன்தான் (மீட்டெடுப்பு) அதில் இருக்கிறது. கூர்மையைப் பற்றி வாயே திறக்க மாட்டேன், அற்புதம். ஃபிலிமுக்கே உரிய பொடிப் புள்ளிகளை, அதாவது கிரெயினையும் வழித்து எடுத்துவிடவில்லை. ஆனால் நிறம்? அப்பாவாக வரும் ரியூ சிஷூவின் வெள்ளைச் சட்டை, மோரில் மஞ்சள்தூள் விழுந்த மாதிரி இருக்கிறது. ஆபீஸ் சுவரில் பச்சை தட்டுகிறது. டிவிடியில் வெள்ளை வெள்ளையாக இருந்தது. இதற்குப் பெயர் மீட்டெடுப்பா?

செவ்வானம்
டிவிடிதான் சரின்னு உங்களுக்கு யார் சொன்னது? முதல்ல எதைப் பார்த்தோமோ அதுவே சரின்னு மனசுல உக்காந்துடும். அம்மா வைக்கிற ரசம் மாதிரி. அப்புறம் எவ்வளவு நல்ல ரசம் வந்தாலும் ‘ஏதோ குறையுது’ன்னுதான் தோணும்.

இன்னொண்ணு. 2013 வேலையில நிறத்தை மேற்பார்வை பார்த்தது கவமதா தகாஷியும் சிகமோரி மசாஷியும். இதுல கவமதா, ஓசுவோட ஒளிப்பதிவாளர் அட்சுதா யுஹாருவுக்கு உதவியாளரா இருந்தவர். ஓசு 1963லயே போயிட்டார், தன்னோட 60வது பிறந்தநாள் அன்னைக்கே. அட்சுதா 1992ல போயிட்டார். கவமதாவை விட்டா வேற யாரைக் கேக்கறது?

ரீல்பெட்டி
மரியாதையெல்லாம் சரி. ஐம்பது வருஷம் கழித்து ஒரு நிறத்தை ஞாபகத்திலிருந்து சொல்ல முடியுமா? நேற்று வாங்கிய புடவைக்கு இன்று ஜாக்கெட் துணி எடுக்கப் போனால், புடவையைக் கையோடு கொண்டுபோய் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒரே ராத்திரிக்குள் நிறம் நினைவில் நழுவிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

செவ்வானம்
அப்ப உங்க டிவிடி ஞாபகம் மட்டும் நழுவாதா?

ரீல்பெட்டி
ஞாபகம் எதற்கு? வட்டு கையில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு செல்போனில் எடுத்த படம் இதோ.

கடைசிபெஞ்ச்
படத்துல டிவி மூலையில ஒரு சின்ன நிலா தெரியுதே. டிவியில கண் பாதுகாப்பு மோட் ஆன்ல இருக்கு சார். உங்க படத்துல டிவிடியே மஞ்சளாத்தான் இருக்கு.

ரீல்பெட்டி
அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். கேஸை வாபஸ் வாங்கவில்லை.

கிரேடிங்மேஜை
கோடம்பாக்கத்துல ஒரு லேப்ல கிரேடிங் மேஜையில, அதாவது படத்தோட நிறத்தைச் சரி பண்ற மேஜையில, ரொம்ப வருஷம் உக்காந்தவன், அதனால ரெண்டு வார்த்தை.

ஓசு கலருக்கு வந்தது 1958ல, ‘ஹிகன்பானா’ படத்துல. கோடாக், ஃபுஜி வேண்டாம்னு ஜெர்மன் ஆக்ஃபா ஃபிலிமைப் பிடிச்சதுக்குக் காரணம் சிவப்பு. அந்தப் படத்துல தரையில உக்காந்திருக்கிற சிவப்பு கெட்டிலை மறக்க முடியுமா? ‘சன்மா’வும் ஆக்ஃபாதான். கலர் நெகட்டிவ்ல சாய அடுக்கு மூணு இருக்கும். மூணும் ஒரே வேகத்துல வெளுக்காது. ஒண்ணு முந்திக்கும். அப்படி வெளுத்ததை மேஜையில சரி பண்ணும்போது ஒரு தொல்லை வரும்: வெள்ளையைச் சரிக்கட்டினா கறுப்பு வேற பக்கம் ஓடும், கறுப்பை இழுத்தா வெள்ளை ஓடும்.

அதனால தம்பி, சட்டையை மட்டும் பார்க்காதீங்க. அதே ஃப்ரேம்ல கறுப்பு கோட்டு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க. சட்டை மஞ்சள், கோட்டு நீலம்னா வெளுப்போட மிச்சம், மீட்டவங்களால முழுசா சரி பண்ண முடியல. ரெண்டும் ஒரே பக்கம் சாஞ்சா, யாரோ தெரிஞ்சுதான் வச்சிருக்காங்க. ஓசுவோட ‘டோக்கியோ ஸ்டோரி’ மாதிரிப் படத்துக்கு நெகட்டிவே தீயில போச்சு, அங்க எது மங்கலா இருந்தாலும் மிஞ்சின பிரதி மேல பழியைப் போட்டுடலாம். இங்க அப்படித் தப்பிக்க வழியில்ல.

ரீல்பெட்டி
ஐயா, பார்த்துவிட்டேன். இந்தமுறை கம்ப்யூட்டரில் ஃப்ரேமை நிறுத்தி, கோட்டின் மடிப்பில் இருக்கும் நிழலை எடுத்துப் பார்த்தேன். கோட்டும் லேசாகப் பழுப்புப் பக்கம்தான் சாய்கிறது. ஆக, தெரிந்தே செய்திருக்கிறார்கள். இது இன்னும் மோசம்.

செவ்வானம்
மோசமா? தெரிஞ்சு செஞ்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல? வெளிச்சத்தோட நிறத்தைக் கெல்வின்ல சொல்வாங்க, எண் ஏற ஏற நீலம், இறங்க இறங்க மஞ்சள். தியேட்டர் புரொஜக்டர் வெளிச்சம் சுமார் 5400 கெல்வின். நம்ம டிவியோட வெள்ளை 6500. அதாவது தியேட்டர் வெள்ளை, டிவி வெள்ளையை விட இயல்பாவே கொஞ்சம் இளஞ்சூடு. அந்தக் கால ஜப்பான் டிவியெல்லாம் 9300ல நீலமா இருந்துச்சு. நீங்க ‘வெள்ளை’ன்னு கொண்டாடறது அந்த டிவி காலத்து நீலமா இருக்கலாம்.

கிரேடிங்மேஜை
பாதி சரி. 9300ங்கறது டிவிப் பெட்டியோட அமைப்பு. பெட்டி நீலம்ங்கறதுக்காக அதுக்குப் போன மாஸ்டரும், அதாவது மூலப் பிரதியும், நீலம்னு சொல்ல முடியாது. தியேட்டர் கணக்கு சரி, ஆனா இருட்டுல அஞ்சு நிமிஷம் உக்காந்தா கண்ணு அந்த இளஞ்சூட்டையே வெள்ளைன்னு எடுத்துக்கும். வீட்டுல ட்யூப்லைட் எரிய டிவி பார்க்கிறவன் கண்ணு அப்படிப் பழகாது. அப்போ தியேட்டர்ல விழுந்த நிறத்தை அப்படியே வட்டுல எழுதணுமா, தியேட்டர்ல உக்காந்தவனுக்குத் தோணின நிறத்தை எழுதணுமா? எங்க மேஜையிலயே இந்தச் சண்டை தீர்ந்ததில்ல.

கோரைப்பாய்
ஜப்பான்ல, நாகோயாவில மூணு வருஷம் குப்பை கொட்டினவன். சட்டையை நீங்க பார்த்துக்கோங்க, நான் டடாமிக்கு, அதான் ஜப்பான் வீட்டுத் தரையில விரிக்கிற பாய்க்கு வர்றேன். ‘டடாமியெல்லாம் பச்சையா இருக்கு, ரெஸ்டோரேஷன் கெட்டுப்போச்சு’ன்னு பல இடத்துல படிச்சுட்டேன். புது டடாமி பச்சைதாங்க! நம்ம ஊர் கோரைப் பாய் புதுசா வாங்கினா எப்படி இருக்கும், அந்த மாதிரி. வாசனையும் கிட்டத்தட்ட அதே. வெயில் பட்டுப் பட்டுத்தான் வைக்கோல் நிறத்துக்கு வரும்.

ரீல்பெட்டி
கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் பாய் புதுசாகவா இருக்கும்?

கோரைப்பாய்
வீடு எங்கங்க இருக்கு, அது ஸ்டுடியோ செட். அந்தப் படத்துக்குன்னு விரிச்ச பாய்க்கு என்ன வயசு இருக்கும்?

ரீல்பெட்டி
இது நல்ல அடி. பாயை விட்டுவிடுகிறேன்.

மோனோ
எல்லாரும் நிறத்தையே பிடிச்சுத் தொங்கறீங்க. பழைய மோனோ ஒலித்தடத்துல இரைச்சலை ரொம்பத் துடைச்சா பேச்சோட ஓரமும் சேர்ந்து போயிடும், தலையணைக்குள்ள இருந்து பேசற மாதிரி. இந்த ப்ளூ-ரேல கொஞ்சம் சீறலை விட்டு வச்சிருக்காங்க, கோப்பையை மேஜையில வைக்கிற சத்தம் தெளிவா கேக்குது. எனக்கு அது போதும். சட்டை எக்கேடு கெட்டா என்ன.

செவ்வானம்
ரீல்பெட்டி சார், ஒரே ஒரு வேண்டுகோள். நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீங்க. 113 நிமிஷப் படம், நொடிக்கு 24ன்னா 1,62,720 ஃப்ரேம். அதுல நாலை நிறுத்தி வச்சுத் தீர்ப்பு சொல்றோம். அப்புறம் ஓசு எந்த நிறத்தையும் தனியா வைக்கிறவர் இல்ல. பழுப்பு வீட்டுக்குள்ள ஒரு ஓரத்துல துளி சிவப்பு, அந்த உறவுதான் படம். மொத்தமா மஞ்சள் படிஞ்சா டிவியில ரெண்டு புள்ளி குறைச்சுக்கலாம். அந்த உறவே குழம்பியிருந்தா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆரம்பத்துல வருமே, ஆபீஸ் ஜன்னலுக்கு வெளிய சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஆலைப் புகைபோக்கிங்க? அதை ரெண்டு வட்டுலயும் பாருங்க. லைட்டை அணைச்சுட்டு.

ரீல்பெட்டி
நேற்று ராத்திரி லைட்டை அணைத்து, டிவியை சினிமா மோடில் வைத்து முழுப் படமும் பார்த்தேன். புகைபோக்கி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். டிவிடியில் சிவப்பு பட்டையைத் தாண்டி வெள்ளைக்குள் கசிகிறது. தண்ணீர் பட்ட குங்குமம் மாதிரி. ப்ளூ-ரேயில் ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் நிற்கிறது. கடைசியில் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அப்பா ராத்திரி சமையல் கட்டில் தனியாக உட்காருகிறாரே, அங்கே டிவிடியில் அவருக்குப் பின்னால் வெறும் இருட்டுதான். ப்ளூ-ரேயில் அந்த இருட்டுக்குள்ளும் சாமான்கள் இருக்கின்றன.

சட்டை இன்னும் மஞ்சள்தான்.

கிரேடிங்மேஜை
அரை மணி நேரம் கழிச்சும் மஞ்சளா தெரிஞ்சுதா, இல்ல முதல் பத்து நிமிஷம்தானா?

ரீல்பெட்டி
அரை மணிக்கு அப்புறம் நான் சட்டையைப் பார்க்கவில்லை ஐயா.

கடைசிபெஞ்ச்
அப்ப அந்த டிவிடியை விக்கிறீங்களா? நான் வாங்கிக்கறேன்.

ரீல்பெட்டி
இல்லை.