சூடானதும் மூணாவது கியர்லயே நின்னுடுது, டிசியு (கியர்பாக்ஸ கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போச்சுன்னு சொல்றாங்க. மாத்துறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்?

நடுரோட்டுல_நின்னவன்:
எல்லாருக்கும் வணக்கம். ஒம்பது வருஷம் ஓடின வண்டி, டார்க் கன்வர்ட்டர் வச்ச அஞ்சு கியர் ஆட்டோமேட்டிக். ரெண்டு மாசமா ஒரே பிரச்சனை. காலைல எடுத்தா நல்லா ஓடும், முக்கா மணி நேரம் ஓட்டினதுக்கு அப்புறம், அதுவும் நெரிசல்ல நின்னு நின்னு போனா, திடீர்னு பின்னாடி யாரோ இடிச்ச மாதிரி ஒரு குலுக்கல், மீட்டர்ல கியர் காட்டுற எழுத்து அப்படியே மறைஞ்சுடும், என்ஜின் லைட் எரியும், அதோட மூணாவது கியர் மட்டும்தான். ரிவர்ஸ் விழும், ஆனா டமார்னு விழும். ஆஃப் பண்ணி கால் மணி நேரம் ஆற விட்டா திரும்ப ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும்.

ஸ்கேனர் போட்டதுல பி0700, யு0101னு ரெண்டு பழுது கோடு (code) வந்துச்சு. அத பாத்துட்டு டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் யூனிட் செத்துப்போச்சு, புதுசு போடணும்னு சொல்லிட்டாங்க. கியர் ஆயில் ஏற்கனவே மாத்தியாச்சு, எந்த மாற்றமும் இல்ல. வீட்ல எல்லாரையும் வச்சுகிட்டு பெரிய ரோட்டுல நின்னப்புறம் வண்டிய எடுக்கவே பயமா இருக்கு. மல்டிமீட்டர் இருக்கு, ஓரளவு பிடிக்கத் தெரியும். உண்மையிலேயே அந்த பெட்டிதான் போச்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

லாங்_டிரைவ்:
ஆயில் லெவல சரியான சூட்டுல வச்சு பாத்தாங்களான்னு கேளுங்க ப்ரோ. ஆயில் மாத்தினப்புறம் லெவல் குறைவா விட்டிருந்தாலும் இப்படி ஆகும்.

ஒயரிங்_கைகாரன்:
லெவல் பாக்குறது நல்லதுதான், ஆனா இந்த கேஸுக்கு அது பொருந்தல. ஆயில் கொறஞ்சா கியர் நழுவும், ஆர்பிஎம் ஏறும் வண்டி ஏறாது. மீட்டர்ல எழுத்து அணையாது. எழுத்து அணையுதுன்னா டிசியு பேச்ச நிறுத்திடுச்சுன்னு அர்த்தம், இது கரண்ட் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதல்ல அந்த ரெண்டு கோடும் என்ன சொல்லுதுன்னு பாருங்க. பி0700 தனியா ஒரு பழுதே இல்ல, "கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ கோடு இருக்கு, அங்க போய் பாரு"ன்னு என்ஜின் கம்ப்யூட்டர் சொல்றது, அவ்வளவுதான். யு0101னா டிசியு கிட்டேருந்து தகவல் வரலன்னு மத்த கம்ப்யூட்டர் சொல்லுது. ஏன் வரலன்னு அது சொல்லவே இல்லையே. பெட்டிக்கு கரண்டே போகலன்னாலும் இதே கோடுதான் வரும், எர்த் விட்டுப்போனாலும் இதேதான், கேன் ஒயர் (கம்ப்யூட்டர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ஒயர்) அறுந்தாலும் இதேதான், பெட்டி செத்தாலும் இதேதான். நாலுல மூணு காரணம் பெட்டிக்கு வெளில இருக்கு, அதுக்குள்ள பெட்டிய மாத்த சொல்றது எனக்கு மனசு கேக்கல. இந்த மாதிரி புது பெட்டி போட்டும் அதே பிரச்சனையோட திரும்பி வந்த வண்டிய நான் நிறைய பாத்திருக்கேன்.

மூணாவது கியர்ல நிக்கிறது, ரிவர்ஸ் டமார்னு விழுறது ரெண்டும் அதுக்கு பொருந்துது. சோலனாய்டுக்கு (கரண்ட்ல ஆயில் வழிய திறந்து மூடுறது) கரண்ட் நின்னுட்டா வால்வு பாடில (கியர்பாக்ஸுக்குள்ள ஆயில பிரிச்சு விடுற பகுதி) இருக்கிற ஸ்பிரிங் வால்வுகள ஒரு நிலைல தள்ளிடும், நிறைய கியர்பாக்ஸ்ல அந்த நிலைல ஒரே ஒரு முன் கியரும் ரிவர்ஸும் மட்டும் கிடைக்கும், ஆயில் பிரஷரும் உச்சத்துல நிக்கும், அதனாலதான் அந்த அடி. கிளட்ச் தட்டு நழுவாம வீடு வரைக்கும் போய் சேரட்டும்னு செஞ்சு வச்ச ஏற்பாடு அது.

இப்ப செய்ய வேண்டியது. முக்கியமா ஒண்ணு, பழுது வந்திருக்கிற நேரத்துலயே பாக்கணும், ஆறினப்புறம் அளந்தா எல்லாமே நல்லா இருக்குன்னுதான் காட்டும். பேட்டரி, ஆல்டர்னேட்டர முதல்ல முடிச்சுடுங்க, நிக்கிறப்ப 12.6 வோல்ட் கிட்ட, ஓடுறப்ப 13.5லேருந்து 14.7க்குள்ள இருந்தா சரி. அப்புறம் நல்லா சூடாக்கி பழுத வரவச்சு, வண்டிய பத்திரமான எடத்துல நிறுத்திட்டு, சாவிய ஆஃப் பண்ணி டிசியு கனெக்டர கழட்டுங்க. ஒயரிங் டயகிராம்ல பாத்து பவர் பின், எர்த் பின் எதுன்னு உறுதி பண்ணிக்குங்க, திரும்ப சாவி போட்டு அந்த ரெண்டுக்கும் நடுவுல 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ண மாட்டி எரியவிட்டு அப்ப மீட்டர்ல அளங்க. வெறும் மீட்டர மட்டும் நம்பாதீங்க, ஒரே ஒரு கம்பி இழை ஒட்டிட்டு இருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும், பல்பு கிட்டத்தட்ட ரெண்டு ஆம்பியர் இழுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். எர்த் பக்கம் பல்பு எரியும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல விழுந்தா சுத்தம் பண்ணணும். சென்சார் ஒயர்லயோ கேன் ஒயர்லயோ பல்ப வச்சிடாதீங்க. பின்னுக்குள்ள மீட்டர் கம்பிய அழுத்தி குத்தவும் கூடாது, பின் விரிஞ்சு அதுவே புது பழுதாயிடும்.

கேன் லைனுக்கு, பேட்டரி கழட்டிட்டு ஸ்கேனர் மாட்டுற சாக்கெட்ல 6வது பின்னுக்கும் 14வது பின்னுக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க. கேன் லைனோட ரெண்டு கடைசிலயும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருக்கிறதால 60 கிட்ட வரணும். 120 வந்தா ஒரு பக்கம் அறுந்திருக்கு. நடுவுல கேட்வே (லைன்கள பிரிச்சு தகவல கடத்துற பெட்டி) வச்ச வண்டின்னா இந்த அளவு டிசியு லைன காட்டாது, அந்த லைன்லயே போய் அளக்கணும்.

பழைய_ஆட்டோமேட்டிக்:
கனெக்டர கழட்டும்போது உள்ள எண்ணெய் பிசுக்கு இருக்கான்னும் பாருங்க. மெர்சிடிஸ்ல 722.6னு ஒரு கியர்பாக்ஸ், அதுல 13 பின் பிளக்கோட சீல் வழியா ஆயில் கசிஞ்சு, ஒயருக்குள்ள திரில எண்ணெய் ஏறுற மாதிரி ஏறி, மேல இருக்கிற டிசியு வரைக்கும் போயிடும். அது பரவலா தெரிஞ்ச விஷயம். பச்சையா களிம்பு பிடிச்சிருந்தா தண்ணி போயிருக்கு. இசட்எஃப் 6எச்பி மாதிரி டிசியு ஆயில் பேனுக்குள்ளயே இருக்கிற டிசைன்னா இந்த வேலை மொத்தமும் வேற மாதிரி, உங்களுது வெளில இருக்கிறதா?

போர்டு_வேலை:
நான் இந்த யூனிட்டுகள பிரிச்சு ரிப்பேர் பண்றவன், அதனால பெட்டியே நிஜமா போயிருந்தா என்னன்னு மட்டும் சொல்றேன். சூட்டுல வந்து ஆறினா போற பழுது போர்டுலயும் சகஜம். கனெக்டர் பின்னோட ஈயப் பத்து விரிசல் விட்டிருக்கும், இல்ல பீங்கான் தகடு மேல ஜெல் ஊத்தின வகைன்னா முடி மாதிரி இருக்கிற அலுமினியக் கம்பி ஒட்டு விட்டிருக்கும், சூடாகி சூடாகி ஆறினதுல வர்றது. பவர், எர்த், கேன் மூணும் சரின்னு நிரூபிச்சப்புறம் யூனிட்ட மட்டும் ஹீட் கன்னால மெதுவா 60, 70 டிகிரி வரைக்கும் சூடாக்குங்க, தொடர்பு அறுந்தா குற்றவாளி அதுதான். ஜெல் போட்டத வீட்ல தொடாதீங்க, விரல் பட்டாலே நாலு கம்பி போயிடும்.

உங்க யூனிட்டையே ரிப்பேர் பண்ணா கோடிங் (வண்டிக்கு ஏத்த மாதிரி புரோகிராம் பண்றது) தலைவலி இல்ல, வண்டியோட டேட்டா உள்ளயே இருக்கும். வேற வண்டிலேருந்து எடுத்தது பல மாடல்ல ஒத்துக்காது, இம்மொபிலைசர் (திருட்டு தடுக்கிற பூட்டு) தடுக்கும், இல்லாட்டி சாப்ட்வேர் வேற பதிப்பா இருக்கும். புதுசு போட்டா புரோகிராம் ஏத்துற நேரம் முழுக்க பேட்டரி சப்போர்ட் சார்ஜர் ஓடணும், பாதில வோல்ட்டேஜ் விழுந்தா புது பெட்டி அப்பவே போச்சு. அப்புறம் அடாப்டேஷன் (கியர் மாத்துறத பெட்டி கத்துகிட்டு சேத்து வைக்கிற அளவுகள்) செட் பண்ணணும்.

நடுரோட்டுல_நின்னவன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரம் சுத்தி பழுத வரவச்சேன். யூனிட் வெளிலதான் இருக்கு, கனெக்டர் சுத்தமா இருந்துச்சு, எண்ணெயும் இல்ல களிம்பும் இல்ல. ஒயரிங்_கைகாரன் அண்ணே சொன்ன மாதிரி வெறும் மீட்டர்ல 12.3 காட்டுச்சு. பல்ப மாட்டினேன், மங்கலா சிவப்பா எரியுது, மீட்டர் 5க்கு கீழ போயிடுச்சு! எர்த்த பேட்டரி நெகட்டிவோட வச்சு பாத்தேன், 0.04தான், சரியா இருக்கு. அப்போ பவர் பக்கம்தான்னு பின்னாடியே போனேன், ஃப்யூஸ் ரெண்டு பக்கமும் ஒரே அளவு, கடைசில ரிலே (டிசியுக்கு கரண்ட் விடுற சுவிட்ச்). விரலால தட்டினேன், பல்பு பளிச்சுனு எரிஞ்சுச்சு. பக்கத்துல அதே நம்பர்ல இருந்த ஹாரன் ரிலேய மாத்தி போட்டு, கனெக்டர மாட்டி இன்னைக்கு ரெண்டு மணி நேரம் நெரிசல்ல ஓட்டிட்டேன், ஒரு தடவ கூட வரல. பழைய ரிலேய பிரிச்சு பாத்தா காண்டாக்ட் கருகி குழி விழுந்திருக்கு. டிசியுக்குள்ள போய் படிக்கிற ஸ்கேனர் ஒருத்தர்கிட்ட இருந்துச்சு, அதுல பி0882 பழைய கோடா சேவ் ஆகியிருந்துச்சு. புது ரிலே வாங்கி போட்டுடறேன். அடாப்டேஷன் ரீசெட் பண்ணணுமா?

ஒயரிங்_கைகாரன்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. பி0882ன்னா டிசியுக்கு வர்ற பவர் கம்மின்னுதான் அர்த்தம், அது உள்ளயே இவ்வளவு நாளா எழுதி வச்சிருந்திருக்கு, யாரும் போய் படிக்கல. ரீசெட் வேண்டாம். கியர் முன்ன மாதிரி மென்மையா விழுதுன்னா இத்தன வருஷம் அது கத்துகிட்டத எதுக்கு அழிக்கணும். கோடுகள மட்டும் அழிச்சுட்டு ஓட்டுங்க.

ஆனா ரிலே மாட்டுற சாக்கெட்ட டார்ச் அடிச்சு பாத்துடுங்க. ரிலே இந்த அளவு கருகியிருந்தா கீழ இருக்கிற டெர்மினலும் சூட்டுல தளர்ந்து பழுப்பா மாறியிருக்கலாம், பிளாஸ்டிக் உருகியிருந்தா அந்த டெர்மினலையும் சேத்து மாத்தணும், இல்லன்னா புது ரிலேயும் அதே வழில போகும். அந்த ஹாரன் ரிலேய கழட்டும்போது கைல இறுக்கமா வருதா லூஸா வருதான்னு பாத்து சொல்லுங்க.