உபுண்டு 24.04க்கு மாறியபின் செட்டிங்ஸ் திறக்கவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிறு மடிக்கணினியில் உள்ள உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 22.04இலிருந்து 24.04க்கு மேம்படுத்தினேன். அதிலிருந்து செட்டிங்ஸ் திறப்பதே இல்லை. ஐகானை அழுத்தினால் இரண்டு நொடி சுற்றிவிட்டு மறைந்துவிடுகிறது. டெர்மினலில் க்னோம் கன்ட்ரோல் சென்டரை (செட்டிங்ஸ் நிரலின் பெயர் இதுதான்) ஓடவிட்டால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (நினைவகப் பிழை) என்று நின்றுவிடுகிறது.

வைஃபை, ஒலி எல்லாம் மேல்மூலை மெனுவிலேயே பார்த்துக்கொள்கிறேன். ஆனால் தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் பட்டியலிலிருந்து போய்விட்டது. அதைத் திரும்பச் சேர்க்கத்தான் செட்டிங்ஸ் வேண்டும். மதுரையில் தமிழ்த் தட்டச்சு வேலை செய்கிறேன். நான்கு நாளாகக் கைபேசியில் அடித்துக் கொடுக்கிறேன், கை வலிக்கிறது.

2019இல் வாங்கிய இயந்திரம்: இன்டெல் ஐ5, 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

கன்ட்ரோல் சென்டரை ஆப்ட் (மென்பொருள் நிறுவும் கட்டளை) வழியாக ரீஇன்ஸ்டால் செய்தேன். விடுபட்ட அப்டேட்கள் எல்லாம் போட்டேன். கடைசியாகத் திறந்த பக்கத்தை நினைவில் வைத்து அங்கேயே விழுகிறதோ என்று ஜிசெட்டிங்ஸ் என்ற அமைப்புக் கட்டளையில் லாஸ்ட் பேனலையும் ரீசெட் செய்தேன். பலனில்லை. ஆனால் புதிதாக ஒரு பயனர் கணக்கு தொடங்கினால் அதில் செட்டிங்ஸ் ஒழுங்காகத் திறக்கிறது! ஆக, கோளாறு என் கணக்கின் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் கோப்புறைக்குள்தான் இருக்க வேண்டும்.

என் கோப்புகளுக்குச் சேதமில்லாமல், பழைய கணக்கில் எந்த கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை நகர்த்தினால் இது சரியாகும்?