கலைச்சொல்: புரொபோர்ஷனிங் வால்வு ‘பங்கீட்டு அடைப்பிதழ்’ ஆகுமா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

1967–70 செவ்ரொலே சி10 பிக்கப்பின் முன்சக்கர டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் பூட்டுவது பற்றிய தமிழ்க் கையேட்டின் சொற்பட்டியலை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். 1971 மாடல் முதல் தொழிற்சாலையே இந்த வரிசைக்கு முன்பக்கம் டிஸ்க் போட்டு அனுப்பியது. அதனால் அமெரிக்காவில் பழைய சி10 வைத்திருப்பவர்கள் அதே அமைப்பை வீட்டுக் கொட்டகையிலேயே மாற்றிப் பூட்டுகிறார்கள்.

பிரேக், டிரம், அதற்குள் விரிந்து உரசும் ஷூ, ஷூவின் மேலுள்ள லைனிங், டிஸ்க், அதை நெருக்கும் பேட், பேடைத் தள்ளும் காலிபர் ஆகியவற்றைப் பட்டறையில் சொல்வதுபோலவே விட்டுவிட்டேன். தமிழ்ச்சொல் வேண்டும் என்று தோன்றுவது ஒரு பொருளின் வேலையைப் பெயரே சொல்லவேண்டிய இடங்களில்தான். அவற்றில் முதலாவது புரொபோர்ஷனிங் வால்வு. வரைவில் இப்படி இருக்கிறது:

பங்கீட்டு அடைப்பிதழ்: மிதியை அழுத்தும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தத்தை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பங்கிட்டுத் தருவது.

மாஸ்டர் சிலிண்டருக்கு ‘முதன்மை உருளை’, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் பிளீடிங்குக்கு ‘காற்றகற்றல்’ என்றும் எழுதியிருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2

> அழுத்தத்தை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பங்கிட்டுத் தருவது

ஐயா, இந்த விளக்கமே பிழை. பிழையான விளக்கத்திலிருந்து பிறந்ததால் சொல்லும் பிழையாகிவிட்டது.

ஒரு பானைச் சோற்றைப் பங்கிட்டால் ஒருவர் இலையில் கூடியது இன்னொருவர் இலையில் குறையும். பிரேக் குழாயில் அப்படி எதுவும் நடப்பதில்லை. முன்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை இந்த வால்வு தொடுவதே இல்லை. பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தமும் ஒரு குறிப்பிட்ட அளவு வரை அப்படியே போகிறது. அந்த அளவைத் தாண்டிய பிறகுதான் பின்பக்கம் அழுத்தம் ஏறும் வேகம் குறைகிறது.

கணக்காகச் சொல்கிறேன். கையால் திருகி அமைக்கும் வகை வால்வுகளில் பலவற்றுக்கு அந்த எல்லையை 100 முதல் 1,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். எல்லைக்கு மேல் ஏறும் அழுத்தத்தில் 57 விழுக்காடு வெட்டுப்படும், மீதி 43 விழுக்காடு பின்பக்கம் போகும். எல்லையை 500-இல் வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். மிதியை அழுத்தி 400 பிஎஸ்ஐ வந்தால் முன்னும் 400, பின்னும் 400. அழுத்தம் 900 ஆனால் முன்பக்கம் 900. பின்பக்கம் 500-உடன் மேலதிக 400-இல் 43 விழுக்காடான 172 சேர்ந்து 672. குறைந்த 228 முன்பக்கம் போய்ச் சேரவில்லை.

இது ஏன் தேவை? வண்டி வேகம் குறையும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. பிக்கப்பின் பின்தட்டு காலியாக இருந்தால் பின்சக்கரத்தின் மேல் ஏற்கெனவே எடை குறைவு. பலமாக மிதித்தால் பின்சக்கரம் முதலில் உருளாமல் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சுழலும். முன்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி திரும்பாது, ஆனாலும் நேராகப் போகும். இரண்டில் சுழல்வதுதான் ஆபத்து.

‘பங்கீடு’ என்று படித்தவர் என்ன செய்வார்? முன்பிரேக் மந்தமாக இருக்கிறதே என்று பின்பக்கத்தைக் குறைக்கும் திசையில் திருகைத் திருப்பி, அந்த அழுத்தம் முன்னே போகும் என்று காத்திருப்பார். போகாது. உள்ளதும் குறைந்து, நிற்கும் தூரம்தான் நீளும். இந்தச் சொல்லை மாற்றியே ஆகவேண்டும். ‘பின்னழுத்தத் தணிப்பி’ எனப் பரிந்துரைக்கிறேன்.

மடல் 3

மேலே உள்ள விளக்கத்தோடு முழுக்க உடன்படுகிறேன். பரிந்துரைத்த சொல்லில் மட்டும் இரண்டு தடைகள்.

‘பின்னழுத்தம்’ என்றவுடன் புகைபோக்கிக் குழாயில் வெளியேறும் வாயுவுக்கு எதிராக எழும் அழுத்தம் நினைவுக்கு வரும். வண்டி நூலிலேயே அந்தச் சொல் வேறு பொருளில் தேவைப்படும். அடுத்து, ‘தணி’ என்பது ஏறியது இறங்குவதைச் சொல்கிறது. சினம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது. இங்கே அழுத்தம் இறங்குவதில்லை. 500-இலிருந்து 672-க்கு ஏறத்தான் செய்கிறது, ஏற்றம் மட்டுப்படுகிறது. மட்டு என்றால் அளவு. மட்டுறுத்தல் என்றால் அளவுக்குள் நிற்கவைத்தல். இதே குழுவில் மடல்களை மட்டுறுத்துகிறோம். எனவே ‘பின்சக்கர மட்டுறுத்தி’. எந்தக் குழாயில் பொருத்துவது என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

மிதி அழுத்தத்தைப் படுக்கையிலும் பின்சக்கர அழுத்தத்தை நிலைக்குத்தாகவும் வரைந்தால் கோடு ஓரிடத்தில் மடங்கும். ஆங்கிலத்தில் அதை முழங்காலோடு ஒப்பிடுகிறார்கள். நமக்கு ‘மடிவுப் புள்ளி’ போதும்.

‘அடைப்பிதழ்’ இங்கே வேண்டாம். இதயத்தில் இதழ் இருக்கிறது. இந்த வால்வுக்குள் இருப்பது ஸ்பிரிங் தாங்கும் படிவைத்த ஒரு பிஸ்டன். பொதுப்பெயராக ‘வால்வு’ இருக்கட்டும், ஊரறிந்த சொல்தான்.

மடல் 4

மட்டுறுத்திக்கு என் ஒப்புதல். ஆனால் 1971-க்குப் பிந்தைய டிஸ்க்–டிரம் வண்டிகளில் பொதுவாகப் பார்ப்பது காம்பினேஷன் வால்வு எனும் பித்தளைக் கட்டி. அதற்குள் மூன்று உறுப்புகள் உண்டு. மூன்றுக்கும் சேர்த்துப் பெயர் வைக்காவிட்டால் குழப்பம் தொடரும்.

ஒன்று நாம் பேசிய மட்டுறுத்தி. இன்னொன்று எச்சரிக்கை விளக்கின் சுவிட்ச்: முன், பின் இரண்டு சுற்றுகளில் ஒன்றில் அழுத்தம் போனால் நடுவிலிருக்கும் சிறு பிஸ்டன் ஒருபக்கம் நகர்ந்து விளக்கை ஏற்றும். ‘அழுத்த வேறுபாட்டுச் சுவிட்ச்’ என்றால் புரிந்துவிடும்.

மீதமுள்ளது மீட்டரிங் வால்வு. இதை ‘அளவீட்டு வால்வு’ என்று பெயர்த்துவிடாதீர்கள். அது எதையும் அளப்பதில்லை. டிரம் பிரேக்கின் ஷூக்களை இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகளை வென்ற பிறகே ஷூ டிரம்மைத் தொடும். டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் இல்லை, பேட் உடனே பிடிக்கும். விட்டால் ஒவ்வொரு மெல்லிய மிதிப்பிலும் முன்பேடுகளே எல்லா வேலையும் செய்து தேயும், ஈரச் சாலையில் முன்சக்கரம் முந்திப் பூட்டும். எனவே அழுத்தம் ஏறத்தாழ 100 பிஎஸ்ஐ ஆகும்வரை முன்பக்கத்தை இந்த வால்வு நிறுத்திவைக்கிறது. பின் ஷூ டிரம்மைத் தொடட்டும், அதுவரை பொறு என்கிறது. ஆகவே ‘பொறுதி வால்வு’.

நான்காவதாக ஒன்று இந்தக் கட்டிக்கு வெளியே: ரெசிடுவல் பிரஷர் வால்வு. டிரம்முக்கான குழாயில் மிதியை விட்ட பிறகும் சுமார் 10 பிஎஸ்ஐ எஞ்சியிருக்க வைத்து, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கிண்ண விளிம்பு சுவரோடு ஒட்டியிருக்கச் செய்வது. இல்லையென்றால் விளிம்பு வழியே காற்று புகும். இதற்கு ‘எஞ்சழுத்த வால்வு’.

பழைய சி10-இல் கைவைப்பவர் முதலில் இடறுவது இங்கேதான். 1967–70 வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் நான்கு டிரம்களுக்கானது, எஞ்சழுத்த வால்வு அதன் வெளிவாயிலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதை அப்படியே வைத்து முன்பக்கம் டிஸ்க் பூட்டினால் 10 பிஎஸ்ஐ பேடுகளை எப்போதும் டிஸ்க்கோடு உரசவைக்கும். பேட் தீயும் வாடை வரும். டிஸ்க்–டிரம் மாஸ்டர் சிலிண்டர்தான் வாங்கவேண்டும். அதில் முன்பக்கத்துக்கான தொட்டி பெரிது, ஏனெனில் பேட் தேயத் தேயக் காலிபர் பிஸ்டன் வெளியே வந்து திரவத்தை இழுத்துக்கொள்ளும். (1966 வரையிலான வண்டியென்றால் ஒற்றை அறைச் சிலிண்டர், ஒரு குழாய் பொத்துக்கொண்டால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். டிஸ்க்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஈரறைச் சிலிண்டர் பூட்டவேண்டும்.)

இதற்கு ‘முதன்மை உருளை’ என்ற பெயரும் ஆகாது. ஈரறைச் சிலிண்டருக்குள்ளேயே முதன்மைப் பிஸ்டன், துணைப் பிஸ்டன் என இரண்டு உண்டு. டிரம்முக்குள்ளும் முதன்மை ஷூ, துணை ஷூ உண்டு. சி10 பின்டிரம்மில் வண்டியின் முன்புறம் பார்த்து நிற்பது முதன்மை ஷூ, அதன் லைனிங் குட்டை. பின்புறம் பார்ப்பது துணை, அதன் லைனிங் நீளம். மாற்றிப் போட்டால் பிடி கெடும். இத்தனை ‘முதன்மை’களுக்கு நடுவே இன்னொன்றைப் புகுத்தவேண்டாம். ‘தலைமைச் சிலிண்டர்’ என்க.

மடல் 5

அம்மா, நன்றி. ‘பொறுதி’ மனித குணமாயிற்றே என்று ஒரு கணம் தயங்கினேன். பேரிங்கைத் ‘தாங்கி’ என்கிறோம், தாங்குவதும் மனிதர் செய்வதுதான். ஏற்கிறேன்.

தலைமைச் சிலிண்டரின் உள்விட்டம் பற்றி ஒரு பத்தி சேர்க்கலாமா? சொல்லைவிட அங்கே எண்தான் மயக்குகிறது. பெரிது வாங்கினால் பிரேக் பலமாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். நடப்பது நேரெதிர். காலால் 100 பவுண்டு விசை, மிதியின் நெம்பு விகிதம் 6 என்றால் சிலிண்டரில் விழுவது 600 பவுண்டு. 1 அங்குல உள்விட்டத்தின் பரப்பு 0.785 சதுர அங்குலம், அழுத்தம் 764 பிஎஸ்ஐ. உள்விட்டம் 1⅛ அங்குலமே ஆனாலும் பரப்பு 0.994, அழுத்தம் 604-ஆக இறங்கிவிடுகிறது. பெரிய விட்டத்தில் மிதி கொஞ்சம் போனாலே திரவம் நிறையத் தள்ளப்படும், ஆனால் கால் வலிக்கும். அதனால் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் வெற்றிட பூஸ்டர் இல்லாத வண்டிக்கு 1 அங்குலம், பூஸ்டர் உள்ளதற்கு 1⅛ அங்குலம்.

அடுத்து ‘காற்றகற்றல்’. பட்டறையில் ‘ஏர் எடுக்கிறது’ என்கிறார்கள். அதையொட்டிக் ‘காற்றெடுப்பு’ என மாற்றியிருக்கிறேன். சிலிண்டரை வண்டியில் ஏற்றும் முன்பே வைஸில் பிடித்துச் செய்வது ‘முன்காற்றெடுப்பு’. கையேட்டுப் பகுதி இது, திருத்துங்கள்:

தலைமைச் சிலிண்டரின் காதைப் பிடித்து வைஸில் இறுக்கவும், உடலைப் பிடிக்கக் கூடாது. இரு வெளிவாயிலிலும் சிறு குழாய் மாட்டி, மறுமுனைகளைத் தொட்டித் திரவத்துக்குள் அமிழ்த்தவும். மழுங்கிய கோலால் பிஸ்டனை மெல்லத் தள்ளி மெல்ல விடவும். குமிழி வருவது முற்றிலும் நிற்கும்வரை தொடரவும். வண்டியில் பூட்டிய பின் தலைமைச் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்கவும்: வலப் பின், இடப் பின், வல முன், இட முன். உதவியாள் மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் காற்றுத் திருகைத் திறந்து, அவர் காலை எடுக்கும் முன் மூடவும். தொட்டி வற்றினால் மறுபடி முதலிலிருந்து.

மடல் 6

பகுதி நன்று. இரண்டு சேர்க்கை.

எவ்வளவு காற்றெடுத்தும் மிதி பஞ்சுபோல் அமுங்கினால் காலிபர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இடமும் வலமும் மாறிப்போனாலும் பூட்டிக்கொள்ளும், ஆனால் காற்றுத் திருகு கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கும், நாள் முழுக்க மிதித்தாலும் வராது. திருகு உச்சியில் இருப்பதுதான் சரி. அழுத்தக் கருவியால் காற்றெடுப்பவர்கள் பொறுதி வால்வின் முனையை அதற்குரிய கிளிப்பால் பிடித்து வைக்கவேண்டும். கருவியின் குறைந்த அழுத்தத்தில் வால்வு மூடியிருந்தால் முன்பக்கத்துக்குத் திரவமே போகாது. காலால் மிதித்து எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பூஸ்டர் கோலும் தலைமைச் சிலிண்டர் பிஸ்டனும் ஒன்றையொன்று நெருக்கக் கூடாது, ஒரு மி.மீ.க்குள் சிறு இடைவெளி வேண்டும். கோல் நீளமானால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. திரவம் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். ஓட ஓடச் சூட்டில் திரவம் விரிந்து, நான்கைந்து மைலில் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்தத் துளைக்கு ‘மீள்துளை’ என்று பெயர் வைத்தால் காரணமும் சேர்ந்து நினைவில் நிற்கும்.

மடல் 7

ஒரு சொல்லை நீக்கக் கேட்கிறேன்: ‘பிரேக் ஆயில்’. வரைவில் மூன்று இடங்களில் வருகிறது. ஊர்வழக்கு என்பது தெரியும். பட்டறைச் சொல்லை மதிக்கவேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. இந்த ஒன்று மட்டும் ஆளைக் கெடுக்கும் சொல். டாட் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரக் குறியீடு) 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகைத் திரவங்கள், எண்ணெயே அல்ல. ‘ஆயில்’ என்ற பெயரை நம்பி எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு மூடி ஊற்றினாலும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும், சீல், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றவேண்டிவரும். ‘பிரேக் திரவம்’ என்று எழுதுங்கள். டாட் 3-இன் கொதிநிலை புதிதில் குறைந்தது 205° செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பின் 140°. டாட் 4-க்கு 230°, 155°. டாட் 5 சிலிக்கோன் வகை, இவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 பெயரில் நெருங்கினாலும் கிளைக்கால் வகைதான்.

சூட்டில் பிரேக் வலுவிழப்பதைச் ‘சோர்வு’ என்றிருக்கிறீர்கள். உலோகச் சோர்வோடு மோதும். ‘பிடிதளர்வு’ எனலாம். சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, டிஸ்க் தடித்துப் பேடை நோக்கி வருகிறது. இந்த மாற்றத்தையே செய்வதற்கான தலையாய காரணம் இதுதான் என்பதால் சொல் தெளிவாக இருக்கட்டும்.

குழாய் முனையை இருமடியாக மடித்து விரிப்பதற்கு ‘இருமடி வாய்’. ஒற்றை மடிப்பு இந்த அழுத்தத்தில் வெடிக்கும் என்பதையும், அழுத்து வளைய இணைப்பும் வெறும் செம்புக் குழாயும் பிரேக்குக்கு ஆகாது என்பதையும் அருகிலேயே எழுதவும். 3/16 அங்குல எஃகு அல்லது செம்பு–நிக்கல் குழாய்தான்.

மடல் 8

எல்லாவற்றையும் ஏற்றுத் திருத்திவிட்டேன். பதிவின் இப்போதைய வடிவம்:

பின்சக்கர மட்டுறுத்தி: மடிவுப் புள்ளிக்கு மேல் பின்சக்கரப் பிரேக்கின் அழுத்தம் ஏறும் வேகத்தைக் குறைக்கும் வால்வு. முன்சக்கர அழுத்தத்தை மாற்றாது. பின்சக்கரக் குழாயில் மட்டும் பொருத்துவது. காம்பினேஷன் வால்வில் ஏற்கெனவே ஒன்று இருக்க, திருகும் வகை இன்னொன்றை அதே குழாயில் தொடராகச் சேர்த்தால் இரண்டும் வெட்டும். பின்பிரேக் பெயருக்குத்தான் இருக்கும்.

அமைக்கும் முறை: பின்தட்டைக் காலியாக்கவும். ஆளில்லாத அகன்ற காய்ந்த தளத்தில், பின்பக்கம் மிகக் குறைவாக உள்ள நிலையில் தொடங்கி, மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பலமாக மிதிக்கவும். எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று வெளியே தள்ளி நிற்பவர் பார்க்கவேண்டும். ஒவ்வொரு முறையும் சிறிது கூட்டி, பின்சக்கரம் முந்தும் நிலை வந்ததும் முன்சக்கரமே முதலில் பூட்டும் இடத்துக்குத் திரும்பவும். சுமை ஏற்றிவிட்டு அமைக்கக் கூடாது, இறக்கியதும் பின்சக்கரம் பூட்டும்.

சக்கரம் பற்றியும் தொடக்கத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இரு சக்கர உந்துள்ள அரை டன் சி10-க்கு 1970 வரை 6 போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ.; 1971 முதல் 5 போல்ட், விட்டம் 127 மி.மீ. 1971-இன் டிஸ்க்கை வாங்கினால் முன்னே 5, பின்னே 6 என ஆகி ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது. பணம் கொடுக்கும் முன் போல்ட்டை எண்ணவேண்டும்.

புதுப் பேடைப் பழக்குவதற்கு மட்டும் சொல் முடிவாகவில்லை. 30 மைல் வேகத்திலிருந்து மெல்ல 5 மைலுக்கு இறக்குவது, 30 விநாடி ஆறவிடுவது, இப்படி 30 தடவை. ‘பதமாக்கல்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். செருப்பைக் காலுக்குப் பழக்குவதுபோல் ‘பழக்கல்’ என்றே விடலாமா?

மடல் 9

‘பழக்கல்’ போதும். அதே பக்கத்தில் பழைய டிரம்மைத் திறக்கும் படி வருகிறதல்லவா, அங்கே ‘தூசியைக் காற்றடித்து ஊதவும்’ என்றிருக்கிறது. உடனே எடுத்துவிடுங்கள். அந்தக் கால லைனிங்கில் கல்நார் இருக்கும், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்தவும் என்று மாற்றவேண்டும்.